காலி நெஞ்சோடு ஒரு நொடி

நீலமேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய மூச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாகூருக்குத் தெற்கே அந்த மீனவக் குப்பத்தில் வெறுமனே நீலமேகம் என்று கேட்டால், எந்த நீலமேகம் என்று திருப்பிக் கேட்பார்கள். மூச்சு நீலமேகம் என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். வலை அடியில் பாறையில் மாட்டிக்கொண்டதா, நங்கூரம் எழும்ப மாட்டேன் என்கிறதா, யாருடைய புது இன்ஜினாவது கழன்று தண்ணீருக்குள் போய்விட்டதா, கூப்பிடு நீலமேகத்தை. அவர் வருவார். இடுப்பில் கத்தியைச் செருகிக்கொள்வார். கிழக்கே பார்த்து நெஞ்சு கொள்ளக் காற்றை இழுப்பார். அந்த நெஞ்சு எழும்புவதைப் பார்ப்பதற்காகவே படகில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அப்புறம் ஆள் இருக்க மாட்டார். மேலே இருப்பவன் ஒரு பீடியைப் பற்றவைத்து, பாதி இழுத்து, தண்ணீரை எட்டிப் பார்க்கத் தொடங்கும் நேரத்தில்தான் தலை தெரியும்.

உண்மையைச் சொன்னால், வேலைக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அவர் கீழே தங்குவார். கீழே பச்சையாக ஒரு வெளிச்சம் உண்டு. அது எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. சிக்கிய வலை அந்த வெளிச்சத்தில் காற்றில் காயும் சேலையைப் போல மெல்ல அசையும். தன் நெஞ்சுத் துடிப்பைத் தவிர வேறு சத்தம் கிடையாது. மேலே கிடக்கும் ஊர், அதன் வாய், அதன் கடன், அதன் லவுட்ஸ்பீக்கர் எல்லாம் யாரோ கண்ட கனவாகத் தோன்றும். கீழே என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்களிடம், “ஒண்ணும் இல்ல. அதான் நல்லாருக்கு” என்பார். அந்த ஒன்றுமில்லாத இடத்துக்குப் போவதற்கான டிக்கெட் நெஞ்சு நிறையக் காற்று என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. நிறைந்த நெஞ்சு உயிர், காலி நெஞ்சு சாவு. கடலில் பிழைப்பவனுக்கு இதைவிடப் பெரிய வேதம் தேவையில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கட்டுமரங்கள் இருந்த இடத்தில் ஃபைபர் போட்டுகள் வரிசையாக நின்றன. ஊரில் பாதி இளவட்டம் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்தது. நீலமேகத்தின் மகன் சபரிநாதனும் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் துரு சுரண்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்தில் அவன் குரல் கேட்கும். கடலோரத்தில் பிறந்தவன் கடல் கடந்து போய், கப்பலைக் கரையில் நிறுத்தி அதன் வயிற்றைச் சுரண்டுகிறான் என்பது நீலமேகத்துக்கு எப்போதும் ஒரு வேடிக்கையாகவே இருந்தது.

அப்படி இருக்கையில்தான் அவர் கண்கள் மஞ்சளாயின. முதலில் கண், பிறகு சிறுநீர். உடம்பில் ஓர் அசதி. தோணியிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடப்பதற்குள் வழியில் இருமுறை உட்கார வேண்டியிருந்தது. கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். பத்தியம் இருந்தார். மஞ்சள் கொஞ்சம் விலகும், திரும்ப வரும்.

கடலோரத்தில் ஒருவனுக்குக் கண் மஞ்சளானால் காரணத்தைத் தேட யாரும் மெனக்கெடுவதில்லை. சாராயம். நீலமேகமும் ஒரு காலத்தில் குடித்தவர்தான், அதை மறைத்துப் பயனில்லை. நன்றாகவே குடித்தார். ஆனால் சபரிநாதனுக்குப் பிறகு வெகுகாலம் கழித்துப் பூமிகா பிறந்தபோது, அந்தப் பச்சைமண்ணின் தலையில் கையை வைத்து, இனி தொட மாட்டேன் என்று நீலாயதாட்சியிடம் சத்தியம் செய்தார். தொடவுமில்லை. பூமிகா இப்போது ஏழாம் வகுப்பு. இத்தனை வருஷத்தில் கல்யாணம், கருமாதி, திருவிழா எதிலும் ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை.

கண் மஞ்சளான அன்றே அவர் இதைச் சொன்னார். நீலாயதாட்சி நம்பவில்லை. அதுதான் விஷயம்.

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. கூடை நிறைய மீனோடு நாகப்பட்டினம் வரை நடந்து, சந்தையில் எட்டு ஊருக்குக் கேட்கும் குரலில் விற்றுவிட்டு வருகிறவள். சண்டை அவளுக்குப் பெரிய காரியமல்ல. ஆனால் அந்த மஞ்சள் கண்ணைப் பார்த்த நாளிலிருந்து புருஷனோடு நேராகப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். எல்லாம் பூமிகா வழியாகத்தான். “ஒங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு.” “ஒங்கப்பாவுக்கு வேட்டி அங்க கெடக்குன்னு சொல்லு.” மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் பூமிகா தபால் ஆபீஸ் வேலை பார்த்தாள். மகள் தலையில் அடித்த சத்தியம் பொய்யாய்ப் போனால் அது மகளைத்தானே பிடிக்கும் என்ற பயம் அந்தத் தாய்க்கு. அந்தப் பயம் நீலமேகத்துக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபப்படவும் முடியவில்லை. சாவைவிட இது அவருக்கு வலித்தது.

டவுனில் பார்த்த டாக்டர், ஈரலிலிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும், மெட்ராசுக்குப் போங்கள் என்றார். மெட்ராஸ் என்றால் வீட்டுப் பத்திரத்தையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் நீலாயதாட்சியின் தம்பி ரெத்தினம், நன்னிலத்தில் கன்னிகாஸ்திரீகள் நடத்தும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அதைக் குறைந்த செலவில் செய்கிறார்களாம் என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தான். ரெத்தினம் ஊரிலேயே பேர்போன குடிகாரன். அவன் கண் இரண்டும் பஞ்சு போல வெளுப்பாக இருந்தன. கடவுளின் கணக்கு இப்படித்தான் இருக்கிறது.

ரெத்தினத்தையும் சேர்த்து மூவரும் பஸ்ஸில் போனார்கள். சம்பா நட்டு முடித்த நேரம். சன்னாநல்லூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் பச்சையைத் தவிர வேறில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நீலமேகத்துக்கு, பஸ் தண்ணீருக்கு அடியில் போவதாகவே பட்டது. காற்று வீசும்போது வயல் முழுதும் ஒரே பக்கம் சாய்ந்து எழுந்தது. ஆனால் அலைச் சத்தம் இல்லை. சத்தமில்லாத கடல். கீழே பார்த்த அதே வெளிச்சம் இங்கே பட்டப்பகலில் கொட்டிக்கிடந்தது. செத்துப் போனால் இப்படித்தான் ஒரு பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார்களோ என்று நினைத்துக்கொண்டார். பூமிகா பள்ளிக்கூடம் போயிருந்ததால் நீலாயதாட்சி தூதுக்குத் தம்பியைப் பிடித்திருந்தாள். “மாமாவுக்கு வெயில் அடிக்குதா, ஷட்டரை எறக்கவான்னு கேளு தம்பி.”

டாக்டர் மீரா உசேன் ஒல்லியான மனிதர், பேச்சும் ஒல்லிதான். எல்லா ரத்தச் சோதனைகளையும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “ஈரல் கெடறதுக்குப் பல காரணம் இருக்குங்க. குடியால கெடும், கிருமியால கெடும். கிருமி இல்லன்னு ரத்தத்துல தெரியுது. இன்னொண்ணு உண்டு. உடம்பே தன் ஈரல எதிரின்னு நெனச்சு அடிச்சுக்கிட்டே இருக்கும். அதுவா இருந்தா மாத்திரை இருக்கு, பொழச்சுக்கலாம். அதுவா இல்லாம அந்த மாத்திரையக் குடுத்தா ஆபத்து. அதனால நூல் அளவு எடுத்துப் பார்த்துடணும்.”

“அதுல பார்த்தா, குடிச்சேனா இல்லையான்னு தெரியுமா சார்?”

“பெரும்பாலும் தெரிஞ்சிடும்.”

நீலமேகம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துவிடலாம் சார், நாளைக்கே எடுத்துவிடலாம் என்றார் நீலமேகம். பிழைப்பது பிற்பாடு. முதலில் அவள் முன்னால் யாராவது ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லட்டும்.

பெரிய ஊர்களில் இந்த வேலைக்கு ஸ்கேன் மெஷின் வைத்து ஈரலைத் திரையில் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்குவார்களாம். இங்கே மீரா உசேனின் விரல்கள்தான் ஸ்கேன். விலாவின் மேல் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டித் தட்டி, சந்தையில் தேங்காய் பார்க்கிறவரைப் போலக் காதைக் கொடுத்துக் கேட்டு, ஈரல் இருக்கும் இடத்தில் மையால் ஒரு புள்ளி வைப்பார். ஊசி ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற ஊசியல்ல. நல்ல எஃகு. அதை அவரே கல்லில் தீட்டி, நீராவியில் வேகவைத்து, ஒவ்வொருவருக்கும் புதுசாக்கி வைத்திருந்தார். முடிந்த பிறகு விலாவுக்குக் கீழே வைக்கிற பாரத்துக்கு, சலித்துக் கழுவிய ஆற்று மணலைக் காடாத் துணியில் தைத்து வைத்திருந்தார்கள். ரத்த வங்கி தஞ்சாவூரில் இருந்தது. நன்னிலத்தில் ரத்த வங்கி என்பது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மச்சான். அதே வகை ரத்தமுள்ள உறவுக்காரர் ஒருவர் காலையிலிருந்து காத்திருந்தால்தான் டாக்டர் ஊசியைத் தொடுவார். எதுவும் தவறிப்போனால் பகல் வெளிச்சத்தில் தஞ்சாவூருக்கு விரைய வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் காலையிலேயே வைத்துக்கொள்வார். ரெத்தினத்தின் ரத்தம் பொருந்தியது. முதல் நாளிலிருந்தே குடிக்கக் கூடாது என்று அவனுக்குக் கட்டளை. அந்தத் தியாகத்தை அவன் பஸ்ஸில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லியிருந்தான்.

எல்லாம் சிக்கனமாகச் செய்துவிடலாம். ஒன்றை மட்டும் எந்த மெஷினாலும் எந்தக் காசாலும் வாங்க முடியாது. அது படுத்திருப்பவரின் மூச்சு.

“இங்க பெரிய மெஷின்லாம் இல்லண்ணே. நீங்கதான் மெஷின்” என்றார் நர்ஸ் செபஸ்தியம்மாள். பக்கத்துக் கிராமத்தில் நெல் விளைகிற வீட்டிலிருந்து வந்தவர். கூடப் படித்தவர்களெல்லாம் குவைத்துக்கும் சவூதிக்கும் போய்விட, மாமியாரையும் மாட்டையும் விட்டுப் போக முடியாமல் இங்கேயே இருந்தவர். “மூச்ச முழுசா வெளிய விடணும். விட்டுட்டு, உள்ள இழுக்காம அப்படியே நிக்கணும். காத்து உள்ள இருந்தா நுரையீரல் எறங்கி ஈரல மூடிக்கும், ஊசி அதுல பட்டுடும். ஒரு நொடிதான். ஊசி போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.”

நீலமேகம் சிரித்தார். மூச்சு பற்றி மூச்சு நீலமேகத்துக்கே பாடமா என்ற சிரிப்பு.

வலது கையைத் தலைக்குக் கீழே மடித்து வைத்துப் படுத்தார். மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. “விடுங்கண்ணே, இன்னும் விடுங்க, இன்னும். நிறுத்துங்க” என்றார் செபஸ்தியம்மாள். அந்த ‘நிறுத்துங்க’ காதில் விழுந்த மாத்திரத்தில் நீலமேகத்தின் நெஞ்சு படகின் பாய் போல விம்மி எழுந்தது. அவர் செய்யவில்லை. நெஞ்சே செய்தது. டாக்டரின் கை நெருங்கியது தெரிந்து, தண்ணீர் வருகிறது என்று முடிவுகட்டி, அது வருஷக்கணக்கில் செய்ததையே செய்தது. மீரா உசேனின் கை அந்தரத்தில் நின்றது. மறுபடி. மறுபடியும் அதே கதை. கடைசியில் நீலமேகம் பல்லைக் கடித்துக்கொண்டு காலியாக நிற்கப் பார்த்தார். உடம்பு முழுக்க வேர்த்து, கரையில் போட்ட மீனைப் போல வாயைத் திறந்து காற்றை விழுங்கினார்.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். “இன்னிக்கு வேணாம். ஊசி உள்ள இருக்கறப்ப இப்படி இழுத்தீங்கன்னா ஈரல் கிழிஞ்சிடும். அடுத்த வாரம் வாங்க. வீட்ல பழகிட்டு வாங்க. அப்பவும் முடியலன்னா மெட்ராஸ்தான், என்கிட்ட வேற வழி இல்ல.”

வெளியே வந்ததும் நீலாயதாட்சி செபஸ்தியம்மாளிடம் மெதுவாகக் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனாலும் சந்தைக் குரல். “வேணும்னே பண்றாரான்னு கேளுங்க சிஸ்டர். எடுத்தா உண்மை வெளிய வந்துரும்ல.”

நீலமேகம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பச்சை ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் சாயங்காலமெல்லாம் அவர் கரையில் உட்கார்ந்து காலி மூச்சு பழகினார். விடுவார், நிறுத்துவார், நெஞ்சு திமிறும், விழுங்குவார். பார்த்தவர்கள், பாவம், சரக்கு கிடைக்காமல் ஆளுக்கு மூச்சு வாங்குகிறது என்று பேசிக்கொண்டார்கள். கண்ணை மூடினால் பச்சை வெளிச்சம் தெரிந்தது. இப்போது அதற்குள் அவர் நெஞ்சில் காற்றில்லாமல் நின்றார். வலை அசைந்தது. நெல் அசைந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று யாரோ சொன்னார்கள். மேலே வெகு உயரத்தில் நீலாயதாட்சி படகின் விளிம்பில் உட்கார்ந்து யாரிடமோ, “அவர வரச் சொல்லு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை. திடுக்கிட்டு விழிப்பார். கடல் தன் பாட்டுக்குக் கிடக்கும்.

ஒரு சாயங்காலம் பக்கத்தில் கரைவலை இழுத்தார்கள். கடலில் வளைத்துப் போட்ட பெரிய வலையை, இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்துக் கரையில் நின்றே இழுப்பது. ஒருவன் அம்பா போடுவான், அதாவது ராகத்தோடு குரல் கொடுப்பான். மற்றவர்கள் அதற்குப் பதில் சொல்லி இழுப்பார்கள். “ஏலேலோ” என்று அவன் நீட்ட, “ஐலசா” என்று இவர்கள் சேர்ந்து சாய, கயிறு ஒரு முழம் வரும். நீலமேகம் சும்மாதான் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை அறியாமல் உடம்பு சாய்ந்தது. வாய் திறக்காமலே நெஞ்சுக்குள் ஒரு ஐலசா போயிற்று. போன பிறகு நெஞ்சு அப்படியே நின்றது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

‘சா’வோடு மூச்சு முழுக்கப் போய்விடுகிறது. ஆனால் கயிறு இறுக்கமாக இருக்கிறது. விட்டால் கடல் வாங்கிக்கொள்ளும். அதனால் காலை மணலில் ஊன்றி, கயிற்றை இடுப்பில் வாங்கி, அடுத்த ஏலேலோ வரும்வரை அத்தனை பேரும் காலி நெஞ்சோடு நிற்கிறார்கள். எவனும் மூச்சு வாங்குவதில்லை. எவனுக்கும் பயமும் இல்லை. அம்பா போடுகிறவன் மறுபடி குரல் எடுத்தால்தான் காற்று. பிறந்ததிலிருந்து இதை அவரும் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார். உள்ளே இழுக்கிற மூச்சைப் பற்றி யோசித்தே காலம் போனதால் இது கண்ணில் படவில்லை. தானே மனதுக்குள் அம்பா போட்டுப் பார்த்தார். நிற்கவில்லை. தனக்குத் தானே சொன்னால் நெஞ்சு ஏமாறவில்லை. வேறொரு குரல் வேண்டும்.

அடுத்த வாரம் நன்னிலத்தில் இதைச் சொன்னபோது மீரா உசேன் சிரிக்கவில்லை. “செஞ்சு பார்ப்போம்” என்றார்.

முதலில் செபஸ்தியம்மாள் முயன்றார். ஆண்டவருக்குத் தெரியும், அவர் மனதாரத்தான் முயன்றார். ஆனால் அவருடைய ஏலேலோ ஞாயிறு பூசையில் வாசகம் படிப்பது போல இருந்தது. நீலமேகத்துக்கு வயிறு குலுங்கியது. டாக்டர், நோயாளி சிரித்தாலும் ஈரல் ஆடும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

ரெத்தினம் கூப்பிடப்பட்டான். ரத்தத்துக்குத்தான் வந்திருந்தான், இப்போது குரலுக்கும் அவனே. “இதுக்குப் போயி இவ்ளோ யோசனையா சார், நான் அம்பா போட்டா திமிங்கிலமே கரைக்கு வரும்” என்று உள்ளே வந்தான். குரல் உண்மையிலேயே நன்றாக இருந்தது. வெறுங்கையோடு ஒத்திகை பார்த்தார்கள். நீலமேகத்தின் நெஞ்சு காலியாக, அமைதியாக நின்றது. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு ஊசியைக் கையில் எடுத்தார். எஃகு மின்னியது. ரெத்தினம் ஏ என்று தொடங்கினான். லேலோ வரவில்லை. சுவரில் சாய்ந்து, அப்படியே வழுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கண்ணைச் செருகிவிட்டான். ஊர்ச் சாராயத்தையெல்லாம் தாங்கிய உடம்பு ஓர் ஊசியைப் பார்த்ததற்குத் தாங்கவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்து, டீ வாங்கிக் கொடுத்து, பெஞ்சிலேயே திரும்ப உட்காரவைத்தார்கள். உன் ரத்தம் மட்டும் போதும் தம்பி என்றார் செபஸ்தியம்மாள்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மரத்துப்போன இடம் கொஞ்ச நேரத்தில் திரும்ப உணர்ச்சி பெற்றுவிடும். நீலமேகம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். முடிந்தது. மெட்ராசுக்குக் காசு இல்லை, மாத்திரையும் இல்லை. அவள் கடைசிவரை நம்பப் போவதில்லை. கண்ணோரம் நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று.

“நான் போடுறேன்” என்று கதவருகில் ஒரு குரல் கேட்டது.

நீலாயதாட்சி. அவளை இதுவரை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை, அவள் புருஷன் உட்பட. எடுக்க முடியாது. அவர்கள் கரையில் பெண்கள் தோணியில் காலை வைப்பதில்லை, கடலுக்குப் போகும் வலையைத் தாண்டுவதில்லை. அம்பா போடுவது என்பது கேள்விப்படாத சங்கதி. வலைக்கு ஆகாது என்பார்கள். ஆனால் மீனுக்காகக் கூடையோடு கரையில் காத்து நின்ற காலமெல்லாம் அவள் காதில் விழுந்தது அதுதானே.

அவள் உள்ளே வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நீலமேகத்தின் தலைமாட்டில் நின்று, டாக்டரின் கையைப் பார்த்தாள். பிறகு எடுத்தாள்.

அது சந்தைக் குரல் இல்லை. அடியிலிருந்து வந்தது. ஏலேலோ என்று அது நீண்டு, அறையைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டிப் போயிற்று. மருந்து வாங்க வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வருஷத்துக்கும் மேலாக நீலமேகத்திடம் அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நீலமேகத்தின் நெஞ்சு பதில் சொன்னது. ‘சா’வோடு இருந்ததெல்லாம் வெளியே போயிற்று. பயம் போயிற்று, நன்னிலம் போயிற்று. பச்சை வெளிச்சத்தில் கயிறு இறுக்கமாக நின்றது. அதன் மறுமுனையை அவள் பிடித்திருந்தாள். காற்றில்லாமல், காற்று வேண்டியிராமல், அவர் அங்கே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவளும் மூச்சு வாங்கவில்லை. அடுத்த குரலை எடுத்தால் அவர் நெஞ்சு எழும்பிவிடும் என்று அவளுக்குத் தெரியும். டாக்டரின் கண் மேலே உயரும்வரை உதட்டை இறுக்கி அந்த மௌனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆச்சு” என்றார் மீரா உசேன்.

சேமியாத் துண்டு போல ஒன்று மருந்து நீரில் மிதந்தது. அதை மூடி, அன்றைக்கே தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள்.

நீலமேகத்தை வலது பக்கமாகத் திருப்பி, விலாவுக்குக் கீழே மணல் பையை வைத்துப் படுக்கவைத்தார்கள். பொழுது சாயும்வரை அசையக் கூடாது. செபஸ்தியம்மாள் அடிக்கடி வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். ஆற்று மணல் உடம்புச் சூட்டில் மெல்லக் கதகதத்தது. ஜன்னலுக்கு வெளியே வயலில் யாரோ மடை திருப்புகிற சத்தம். பாதித் தூக்கத்தில் நீலமேகத்துக்குத் தான் எங்கே படுத்திருக்கிறோம் என்பது அடிக்கடி மறந்தது. கடலடி மணல் என்று நினைத்தார். ஆற்று மணல்தானே கடைசியில் அங்கே வந்து சேருகிறது, இரண்டும் ஒன்றுதான் என்றும் நினைத்தார்.

“வலிக்குதா?”

கண்ணைத் திறந்தார். நீலாயதாட்சி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. தூது போக ஆள் இல்லாததால் கேட்டாளா, வேறு காரணமா என்று தெரியவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்குத் தைரியமும் இல்லை.

“இல்ல” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ரிசல்ட் வரட்டும் தாட்சி. அதுல எல்லாம் தெரிஞ்சிரும்” என்றார்.

அவள் விலகியிருந்த போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள்.

ஊரில் இரண்டு நாளைக்கு அதே பேச்சு. பொம்பளை அம்பா போட்டாளாம், அதுவும் ஆஸ்பத்திரியில். ரெத்தினம் தான் விழுந்ததை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் சொன்னான். வலைக்கு ஆகாது என்று பெரியவர்கள் இருவர் முணுமுணுத்தார்கள். நீலாயதாட்சி அவர்கள் வீட்டு வாசலிலேயே கூடையை இறக்கி, நல்ல வஞ்சிரம், வாங்கறீங்களா என்று கேட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு அடங்கியது.

ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில் நீலமேகம் சரியாகத் தூங்கவில்லை. டாக்டர் சொல்லப்போகும் அந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ விதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருக்கும், அவள் என்ன சொல்வாள், தான் என்ன சொல்வது என்றெல்லாம் நினைத்துப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. பாத்தியா என்று ஒரு வார்த்தை. அது போதும்.

ரிசல்ட் வந்த நாளில் இருவரும் டாக்டர் எதிரில் உட்கார்ந்தார்கள். மீரா உசேன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவருக்கும் ஆரம்பத்திலிருந்தே இந்தப் புருஷன் பெண்டாட்டி விவகாரம் தெரிந்துதான் இருந்தது. அதனால் நீலமேகத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னார்.

“அம்மா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இது குடியால வந்தது இல்ல. அதுக்கான அடையாளம் ஒண்ணுகூட இதுல இல்ல. இவர்...”

“அத யாருங்க சார் கேட்டா?” என்றாள் நீலாயதாட்சி. அவள் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. “அவருதான் குடிக்கலன்னு அன்னிக்கே சொன்னாருல்ல. மருந்து இருக்கா, இல்லையா? அதச் சொல்லுங்க.”

டாக்டர் ரிசல்ட்டை மடித்து வைத்தார். “இருக்கும்மா” என்றார். “ஆயுசு பூரா சாப்பிடணும். ஆனா இருக்கு.”

நீலமேகம் எத்தனையோ நாளாகக் காத்திருந்த வாக்கியம் வந்தது, போயிற்று. அவள் அதைக் காதில்கூட வாங்கிக்கொள்ளவில்லை. தயாராக வைத்திருந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தவர், அது வராமல், டாக்டர் முன்னாலேயே முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.